நாலாம் நாற்காலிக்காரரின் ரேடியேட்டர்

என் அக்கா யார் வீட்டுக்குப் போனாலும், தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். "இது ரெண்டு மாசம் தாங்காது" என்பாள். ஆறு வாரத்தில் அந்த வீட்டிலிருந்து ஃபோன் வரும். அவளுக்குக் கருநாக்கு என்று சித்தி வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அவள் வருகிறாள் என்று தெரிந்தால் ஃப்ரிட்ஜின் மேல் ஒரு போர்வையைப் போட்டு வைப்பார்கள், போர்வைக்கு மேலே கை வைத்தால் ஒன்றும் தெரியாது என்பது போல.

நாக்கில் ஒன்றும் கிடையாது. அவள் இருபத்திரண்டு வருடமாக ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன். அந்த அறையில் ஆறு சாய்வு நாற்காலிகள், ஆறு மிஷின்கள். சிறுநீரகம் நின்றுபோனவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து நாலு மணி நேரம் சாய்ந்திருப்பார்கள். கையிலிருந்து ஒரு குழாயில் ரத்தம் வெளியே வரும், மிஷினில் சுத்தமாகும், இன்னொரு குழாயில் உள்ளே போகும். எங்கும் கசியக் கூடாது, காற்றுக் குமிழி புகுந்துவிடக் கூடாது, பம்பு நின்றுவிடக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் அக்காவின் வேலை. பேஷண்ட்டுகள் எல்லாரும் அவளை சிஸ்டர் என்பார்கள். "நான் சிஸ்டர் இல்ல, டெக்னீஷியன்" என்று அவள் திருத்துவாள். "சரிங்க சிஸ்டர்" என்பார்கள்.

ஊசி குத்துவதற்கு வசதியாக அவர்கள் கையில் இரண்டு ரத்தக்குழாய்களை ஆபரேஷன் செய்து சேர்த்திருப்பார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால், மடியில் படுத்த பூனை கொர்கொர் என்பது போல ஓர் அதிர்வு தெரியும். ஆளுக்கு ஆள் அது வேறு மாதிரி இருக்குமாம். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் இது யார் கை என்று சொல்லிவிடுவேன் என்று அக்கா ஒருமுறை சொன்னாள். பெருமையாகச் சொல்லவில்லை, நான் கேட்டதற்குச் சொன்னாள்.

அத்தான் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்ப்பவர். வருடத்துக்குப் பத்து மாதம் கடலில். அதனால் வீட்டில் அக்காவும் நானும்தான். என் வேலை, இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டி முடித்த மாதிரி கம்ப்யூட்டரில் படமாக்கித் தருவது. ஜன்னலில் விழும் வெயில், சோபாவில் விழும் நிழல், யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி ஒரு நாற்காலி, எல்லாம் இருக்கும். ஆள் மட்டும் இருக்க மாட்டார்கள். ஒரு படம் முடிய அந்தக் கம்ப்யூட்டர் ஏழெட்டு மணி நேரம் மூச்சைப் பிடித்துக் கணக்குப் போட வேண்டும். பாகம் பாகமாக வாங்கி நானே சேர்த்த பெட்டி அது. என் அறைச் சுவர் மேற்கு பார்த்தது. மதியம் மூன்று மணிக்குச் சுவர் தோசைக்கல்லாகிவிடும். பெட்டிக்குள் இருக்கும் ஐந்து மின்விசிறிகளும் ஓலமிடும், பிறகு சூடு தாங்காமல் மிஷின் தானாகவே அணைந்துவிடும். ஆறு மணி நேர வேலை ஆற்றில் கரைத்த புளி.

விசிறிக்குப் பதில் தண்ணீரால் குளிர்விக்கும் முறை இருக்கிறது என்று நான் சொன்னபோது அக்கா இட்ட முதல் கட்டளை, அவள் வரும்வரை எதையும் வாங்கக் கூடாது என்பது.

"தண்ணியையும் கரண்ட்டையும் ஒரே பெட்டியில குடித்தனம் வெக்கப் போற. சண்டை வந்தா யாரு போய்ச் சமாதானம் பண்றது? நான் வரைஞ்சு குடுக்குறேன், அதுபடி செய்."

அவள் வரைந்தாள். ஆனால் தனியாக வரையவில்லை. நாலாம் நாற்காலியில் திங்கள், புதன், வெள்ளி வரும் ஒரு மனிதர், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். நாற்பத்தைந்து வயது. அக்காவைவிட இரண்டு வயது சின்னவர். அவருக்கு மதர்போர்டு தெரியும், அவளுக்குக் குழாய் தெரியும். அவருடைய ரத்தம் ஒருபுறம் சுற்றிக்கொண்டிருக்க, இருவரும் மறுபுறம் பழைய சார்ட்டுத் தாளின் பின்பக்கம் என் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் இது நடந்தது. அவர் வந்துபோன நாட்களில் மாலை அக்கா ஒரு புது விதியோடு வீட்டுக்கு வருவாள்.

தண்ணீர்த் தொட்டி மேலே, பம்பு அதற்குக் கீழே. அப்போதுதான் பம்பு ஒருநாளும் வறண்டு ஓடாது. குழாய் இணைப்பு எதுவும் பவர் சப்ளைக்கு நேர் மேலே வரக் கூடாது. செம்பு என்றால் எல்லாம் செம்பு. நடுவில் அலுமினியம் வந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். காய்ச்சி வடித்த தண்ணீர்தான், அதில் பாசி பிடிக்காமல் இருக்க இரண்டு சொட்டு மருந்து. சாயம் வேண்டாம். பம்பு நின்றால் மிஷினும் நிற்க வேண்டும். கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச் ஒன்று சுவரில் வேண்டும். பெட்டி தரையில் உட்காரக் கூடாது, அடியில் ஒரு தட்டு. தண்ணீரை இறக்க, மொத்த அமைப்பிலேயே தாழ்வான இடத்தில் ஒரு திருகுக் குழாய். இந்தத் திருகுக் குழாய் விஷயத்தில் மட்டும் இருவரும் இரண்டு வாரம் சண்டை போட்டார்களாம். இணைப்பு கூடினால் கசிவும் கூடும், அது வேண்டாம் என்றார் கடைக்காரர். உள்ளே போனதற்கு வெளியே வர ஒரு வழி வைத்தே ஆக வேண்டும் என்றாள் அக்கா. அக்கா ஜெயித்தாள். ஊசி அவள் கையில்தானே இருந்தது.

சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டர் செம்பில் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. கடைப் பரணில் ஒன்று கிடக்கிறது, கழுவி எடுத்து வருகிறேன் என்றார் அவர். அந்த வாரம் திங்கட்கிழமை அக்காவுக்கு விடுப்பு. செவ்வாய்க்கிழமை போனபோது அவள் மேஜையில் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே ரேடியேட்டர், அதில் செருகிய சீட்டில், "கழுவியாச்சு சிஸ்டர். கசிவு இல்ல." புதன்கிழமை நாலாம் நாற்காலி காலியாக இருந்தது. அவர் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மதியம்தான் செய்தி வந்தது, முதல் நாள் சாயங்காலம் தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று. அந்த நோயில் அது நடக்கும். அக்கா இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து பையை என்னிடம் கொடுத்துவிட்டு, "திங்கக்கிழமை நான் அவர் கையத் தொட்டுப் பாக்கல" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு வாரம் அந்தப் பை மூலையில் இருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவே எடுத்தாள். நல்ல சுடுதண்ணீரை ஊற்றி இரண்டு முறை அலசினாள். மற்ற பாகங்கள் வந்திருந்தன. வரைந்தபடியே கட்டினோம். வீட்டில் கிடந்த பழைய ரத்த அழுத்த மானியின் பந்தைக் குழாயில் மாட்டி, காற்றடித்து, அரை மணி நேரம் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். முள் அசையவில்லை. பிறகு தண்ணீர் நிரப்பி, கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்காமல், வேறொரு பவர் சப்ளையிலிருந்து பம்பை மட்டும் ஓட்டி, ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் விரித்து ஒரு முழு நாள் விட்டாள். பேப்பர் மொடமொடவென்று அப்படியே இருந்தது. ஃபோனில் கதை கேட்ட அத்தான், "அக்காளும் தம்பியும் வீட்டுக்குள்ளயே கப்பல் கட்டுறீங்களா?" என்றார்.

மிஷின் பிரமாதமாக ஓடியது. மதியம் மூன்று மணிக்கும் அணையவில்லை. ஆனால் எனக்கு அந்த அமைதி பழகவே இல்லை. ஐந்து விசிறிகளின் இரைச்சல் போன இடத்தில், காதை வைத்தால் மட்டும் கேட்கும் ஒரு மெல்லிய ஓட்டம். ஆளில்லாத அறைகளை வரைந்துகொண்டிருப்பேன். பின்னால் யாரோ மெதுவாக மூச்சு விடுவது போல இருக்கும். திரும்பினால் பெட்டிதான்.

மூன்றாவது வாரம், வேலை முடிந்து வந்த அக்கா எனக்கு டீ கொடுத்துவிட்டு வழக்கம்போலப் பெட்டியின் மேல் கை வைத்தாள். சட்டென்று எடுத்தாள். சுட்டுவிட்டதோ என்று நினைத்தேன்.

பம்பை மாற்றினாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். வேகத்தைக் கூட்டினாயா என்றாள். தொடவே இல்லை என்றேன். மறுபடி கை வைத்தாள். இந்த முறை உள்ளங்கையை அல்ல, இரண்டு விரல்களை, ஆஸ்பத்திரியில் வைக்கிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். டீ ஆறிப்போயிற்று. போய்க் கை கழுவினாள்.

அதற்கு அடுத்த நாள் நான் அதைப் பார்த்தேன். கண்ணாடி போன்ற குழாயில் ஓடும் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. மேற்கு வெயில் என்று நினைத்துத் திரையை இழுத்து மூடினேன். அப்போதும் இருந்தது. மறுநாள் மதியம் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. சாயம் போடவில்லை, குழாயில் சிவப்பு இல்லை, பெட்டியில் எங்கேயும் சிவப்பு கிடையாது. மிஷின் சூடேற ஏற நிறமும் ஏறியது. அக்காவை ஃபோனில் கூப்பிட்டேன். அவள் முதலில் சொன்னது, "அணைச்சிரு. எதையும் தொடாத." இரண்டாவதாக, "கைல எங்கயாவது காயம் இருக்கா உனக்கு?" இல்லை என்றேன்.

அரை மணி நேரத்தில் வந்தாள். வெள்ளைத் தாளைக் குழாய்க்குப் பின்னால் பிடித்துப் பார்த்தாள். திருகுக் குழாயைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் கொஞ்சம் பிடித்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள். டயாலிசிஸ் மிஷினில் வடிகட்டி கிழிந்து ரத்தம் கசிகிறதா என்று பார்க்கும் காகிதப் பட்டைகள். காலாவதியாகிக் குப்பைக்குப் போக இருந்தவையாம். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பஞ்சுத் துண்டுகூட வீட்டுக்குக் கொண்டுவராதவள் அவள். கேட்டுத்தான் எடுத்து வந்திருந்தாள்.

மஞ்சள் பட்டையைக் கோப்பையில் தோய்த்தாள். ஜன்னலோரம் வெயிலில் வைத்தாள். அது பச்சையாகியது.

"பழைய பட்டை. பொய் சொல்லலாம்" என்றாள். செம்பு கலந்தாலும் மாறுமாம், பாசி மருந்தினாலும் மாறுமாம். இன்னொரு கோப்பையில் புதுத் தண்ணீர் ஊற்றிப் பாசி மருந்து ஒரு சொட்டு விட்டு, ஒரு செம்புத் துண்டையும் போட்டு வைத்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பட்டையைத் தோய்த்தாள். மஞ்சளாகவே இருந்தது. மூன்றாவது கோப்பையிலும் புதுத் தண்ணீர் ஊற்றினாள். தன் விரல் நுனியை ஊசியால் குத்தி ஒரு சொட்டு விட்டுக் கலக்கினாள். பட்டை பச்சையாகியது. முதல் கோப்பையையும் மூன்றாவது கோப்பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். என் அக்காவின் ரத்தம் கலந்த தண்ணீருக்கும் என் கம்ப்யூட்டரிலிருந்து வந்த தண்ணீருக்கும் என்னால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் கம்ப்யூட்டர் தண்ணீரில் லேசாகப் பழுப்பு ஓடியிருந்தது. அவ்வளவுதான்.

பெட்டியோடு தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை. அக்கா கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பயப்படாத. போன மாச ரிப்போர்ட்ல எல்லாம் நெகட்டிவ்தான். ஒட்டுற வியாதி எதுவும் இல்ல."

"யாரோட ரிப்போர்ட்?"

அவள் அடுத்த கையுறையை இழுத்து மாட்டினாள்.

மறுநாள் இருவரும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தக் கடைக்குப் போனோம். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே திறந்த வயிற்றோடு ஏழெட்டுக் கம்ப்யூட்டர்கள். அவருடைய மனைவி, எந்தப் பெட்டி யாருடையது என்று அவர் எழுதி ஒட்டிய சீட்டுகளைப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அக்கா சுற்றி வளைக்கவில்லை. அவர் கொடுத்த ரேடியேட்டரில் ஓடும் தண்ணீர் சிவக்கிறது, அதில் அவர் எப்போதாவது சிவப்புச் சாயம் ஊற்றியிருந்தாரா என்று கேட்டாள்.

அந்த அம்மா எதிரே கிடந்த ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். சிவப்பு அவருக்கு ஆகவே ஆகாதாம். வாரத்துக்கு மூன்று நாள் பார்த்தாயிற்று, கடையிலுமா என்பாராம். ஞாயிற்றுக்கிழமை காலை கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து ரேடியேட்டரைக் கழுவினாராம். ஒரு துளையில் தண்ணீரை ஊற்றி, இன்னொரு துளையைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு குலுக்குவது. அந்தத் துளையின் திருகு மரையில் கூரான உலோகப் பிசிறு இருந்திருக்கிறது. விரலை ஆழமாக அறுத்துவிட்டது. டயாலிசிஸ் பேஷண்ட்டுக்கு ரத்தம் லேசில் உறையாது. அவர் கவனிக்காமல் குலுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். கவனித்த பிறகும் விடவில்லை. கடைசித் தண்ணீர் வடியும்வரை அதே விரலால் பிடித்திருந்தாராம். ஒன்றரை மணி நேரம் ரத்தம் நிற்கவில்லை என்றார்.

"சிஸ்டருக்குத் தெரிஞ்சா திட்டுவாங்க, சொல்லாதன்னு சொன்னாரு. திங்கக்கிழமை நீங்க லீவுன்னு தெரிஞ்சதும் சந்தோஷமாப் போனாரு."

அக்கா ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும், சுடுதண்ணீர் பட்டால் ஒட்டிக்கொள்ளும், இதுதான் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவளே சுடுதண்ணீர் ஊற்றி அதை ஒட்டவைத்திருக்கிறாள். மூன்று வாரம் சூடான தண்ணீர் சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கரைத்து எடுத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேய் என்றால்கூட இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இது உண்மையாகவே அவர்.

கிளம்பும்போது அந்த அம்மா அக்காவின் முந்தானையைப் பிடித்தார். "கொட்டிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"நான் ஒரு தடவை பாக்கலாமா?"

அன்று மதியமே வந்தார். என் அறை வாசலில் நின்று, குழாயில் நின்றிருந்த தண்ணீரைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்து நான் நாற்காலியை நகர்த்தினேன். அழவில்லை. ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டார். அக்கா யோசித்தாள். பிறகு கம்ப்யூட்டரின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, சோதனைக்கு வைத்திருந்த பவர் சப்ளையில் பம்பை மட்டும் ஓட விட்டாள். இளஞ்சிவப்பு நகர்ந்தது. தொட்டியில் ஒரு சின்னக் குமிழி கிளம்பி மேலே போய் உடைந்தது.

அந்த அம்மா யாரும் சொல்லாமலே பெட்டியின் பக்கவாட்டில் கையை வைத்தார். அக்கா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படியேதான் இருக்கும்" என்றார் அவர். "பக்கத்துல படுத்தா அவர் கை மேல என் கைய வெச்சுக்குவேன். ஓடுதா ஓடுதான்னு பாத்துக்கிட்டே தூங்கிருவேன். அன்னைக்கும் கை வெச்சிருந்தேன். சாயங்காலம், சும்மா கண்ணசந்து எந்திரிச்சா, கைக்குக் கீழ ஒண்ணும் இல்ல."

நான் சுவரைப் பார்த்தேன். அக்கா தன் இரண்டு விரல்களை அந்த அம்மாவின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். இருவரும் எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பம்பு ஓடிக்கொண்டிருந்தது. வெளியே தெருவில் ஒருவன் லாரியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தான். "வா, வா, வா, வா" என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"போதும்" என்று அந்த அம்மாதான் சொன்னார்.

அக்கா பம்பை நிறுத்தினாள். திருகுக் குழாயின் கீழே வாளியை வைத்துத் திறந்தாள். ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். மனித ரத்தம் கலந்தது என்றால் ப்ளீச்சிங் கரைசல் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துத்தான் கொட்ட வேண்டும், அது ஆஸ்பத்திரி விதி. வீட்டில் அதைப் பார்க்க ஆள் இல்லைதான், ஆனால் அக்காவுக்கு வேறு எப்படியும் செய்யத் தெரியாது. ஊற்றட்டுமா என்று அந்த அம்மாவிடம் கேட்டாள். அவர் தலையசைத்தார். ஊற்றினாள். நிறம் முதலில் ஓரத்தில் வெளுத்தது, பிறகு நடுவில். கடைசியில் பழைய டீத் தண்ணீரைப் போல ஆகி, அதுவும் போய்விட்டது. மூன்று பேரும் வாளியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

"ஆயிடுச்சா?" என்றார் அந்த அம்மா.

"இன்னும் மூணு நிமிஷம்."

பிறகு அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். கழிவறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அந்த அம்மா முகம் கழுவிக்கொண்டு, அக்கா போட்ட டீயைக் குடித்துவிட்டு, ரேடியேட்டரைத் தூக்கிப் போட வேண்டாம், அவர் ஆசையாகக் கொடுத்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அதைக் கழற்றி, பச்சைத் தண்ணீரில் பதினொரு முறை அலசினாள். ஒவ்வொரு முறையும் பட்டையைத் தோய்த்துப் பார்த்தாள். ஒன்பதாவது முறை பட்டை மஞ்சளாகவே இருந்தது. மேற்கொண்டு இரண்டு முறை மனசுக்கு. பிறகு அரத்தால் மரையின் பிசிறைத் தேய்த்து எடுத்தாள். மறுபடி காற்றுச் சோதனை, மறுபடி டிஷ்யூ பேப்பர், மறுபடி ஒரு முழு நாள். இப்போது இரண்டு வருடமாக ஓடுகிறது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. கைக்குக் கீழே தெரிவது வெறும் பம்பின் நடுக்கம்தான் என்கிறாள் அக்கா. நான் இதுவரை தொட்டுப் பார்த்ததில்லை.

கடையை அந்த அம்மாவே நடத்துகிறார். ரிப்பேர் கிடையாது, சார்ஜரும் ஃபோன் கவரும் சில்லறைச் சாமான்களும் விற்கிறார். அக்கா குழாய்க் கிளிப் வாங்கவென்று மாதம் ஒருமுறை அங்கே போகிறாள். எங்கள் வீட்டில் இப்போது இருக்கும் கிளிப்புகளுக்கு இன்னும் நாலு கம்ப்யூட்டர் கட்டலாம்.

நாலாம் நாற்காலிக்கு ஒரு தையல்காரர் வருகிறார். ஊசி குத்தும் கை இடது கை, ஆனால் அக்கா வலது கையையும் நீட்டச் சொல்கிறாள். அங்கே வருகிற எல்லாரிடமும் அப்படித்தான். அப்படி ஒரு விதி அங்கே எதுவும் இல்லை. கைரேகை பார்க்கிறீர்களா என்று தையல்காரர் கேட்டாராம். "ஆமா" என்றாளாம் அக்கா. பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு பழைய ஊசிக் குத்தைச் சுட்டி, இது என்றைக்கு நடந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டாளாம்.